‘காப்பி ஓடிக்கிட்டுதான் சார் இருக்கு!’ - சர்வர் அப்டேட்டுக்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றுபோகும் ரெப்ளிகேஷன்... தோல் தொழில் நகரங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டுமென்றால், ஷூ தயாராக இருந்தால் மட்டும் போதாது. இன்வாய்ஸ் வேண்டும், பேக்கிங் லிஸ்ட் வேண்டும், இ-வே பில் வேண்டும். எந்த ஆர்டருக்கு எந்த லாட் தோல் போனது என்ற கணக்கு வேண்டும். இவ்வளவும் இன்று இருப்பது அலமாரியில் உள்ள பைல்களில் அல்ல. ஆபீஸின் ஒரு மூலையில், ஏசி ஓடும் சின்ன அறைக்குள் இருக்கும் சர்வரில்.

அந்த சர்வர் படுத்துவிட்டால்?

“தம்பி, காப்பி இருக்குல்ல?”

“இருக்கு சார். ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

முதலாளிக்கும் கம்ப்யூட்டர் பொறுப்பாளருக்கும் இடையே பல கம்பெனிகளில் நடக்கும் பேச்சு இத்துடன் முடிந்துவிடும். அந்தக் காப்பி கடைசியாக எப்போது வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் சர்வருக்கு அப்டேட் போட்ட இரவோடு அது நின்றுபோயிருந்தால்கூட, அசல் சர்வர் நன்றாக ஓடும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

தோல் தொழிலுக்கு சர்வரோடு என்ன வேலை?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரம், 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. டேனரி ஒரு ஊரில், ஷூ கம்பெனி இன்னொரு ஊரில், ஏற்றுமதி ஆபீஸ் சென்னையில் என்று இயங்கும் நிறுவனங்களுக்குக் கணக்கு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும்.

அரசு விதிமுறைகளும் சேர்ந்துகொண்டன. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஏற்றுமதி பில்லுக்கும் இது பொருந்தும். இன்னொரு பக்கம் கழிவுநீர். பாலாற்று மாசு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததிலிருந்து இந்தத் தொழில் கண்காணிப்புக்குள்தான் இருக்கிறது. அதிக மாசு ஏற்படுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டபோது, அந்தப் பட்டியலில் தோல் பதனிடுதலும் இருந்தது.

ஆக, சர்வர் நின்றால் பில் நிற்கும். பில் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் கப்பல் போய்விடும்.

விர்ச்சுவல் மெஷின், ரெப்ளிகேஷன்... அப்படின்னா?

முன்பெல்லாம் டேலிக்கு ஒரு கம்ப்யூட்டர், சம்பளக் கணக்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கி வைத்தார்கள். இப்போது ஒரே பெரிய சர்வருக்குள் அவை எல்லாம் தனித்தனி கம்ப்யூட்டர்களாக, மென்பொருள் வடிவில் ஓடுகின்றன. ஒரே கட்டடத்துக்குள் நாலு போர்ஷன் மாதிரி. ஒவ்வொரு போர்ஷனும் ஒரு விர்ச்சுவல் மெஷின். கட்டடத்தைப் பிரித்துக்கொடுத்து நிர்வகிக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி, விஎம்வேர், ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவை இந்த வகை.

ஒரு கட்டடத்தில் எல்லாம் இருந்தால், அது விழுந்தால் எல்லாமே போய்விடும். அதனால் இன்னொரு ஊரில் இன்னொரு சர்வரை வைத்து, இங்கு நடக்கும் மாற்றங்களை அங்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மண்டியில் பெரிய நோட்டில் எழுதும் ஒவ்வொரு வரியையும் போனில் சொல்லி, கிளையில் இருப்பவர் அங்குள்ள நோட்டில் எழுதிக்கொள்வது போல. இதுதான் ரெப்ளிகேஷன்.

ஹைப்பர்-வியில் இந்த வசதி விண்டோஸ் சர்வர் 2012-ல் வந்தது. அப்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் போயின. அடுத்து வந்த 2012 ஆர்2 பதிப்பிலிருந்து 30 விநாடி, 5 நிமிடம், 15 நிமிடம் என மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் மென்பொருளில் இல்லை என்பதால் நடுத்தர நிறுவனங்களுக்கு இது வரப்பிரசாதம்.

அப்டேட் போட்டால் ஏன் நிற்கிறது?

போனில் கணக்கு சொல்பவரை நினைத்துப் பாருங்கள். லைன் வேண்டும். எதிரில் இருப்பவர் குரலை அடையாளம் கண்டு நம்ப வேண்டும். அவருடைய நோட்டில் பக்கம் மிச்சம் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே மொழி புரிய வேண்டும். சர்வர் அப்டேட் இந்த நான்கில் எதை வேண்டுமானாலும் கலைத்துவிடலாம்.

முதலாவது, லைன். ஹைப்பர்-வி ரெப்ளிகா, கெர்பரோஸ் முறையில் 80 என்ற போர்ட்டையும், சான்றிதழ் முறையில் 443 என்ற போர்ட்டையும் வழக்கமாகப் பயன்படுத்துகிறது. அப்டேட் முடிந்து சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போது, தான் கம்பெனி நெட்வொர்க்கில் இருப்பதை உணராமல் ‘பொது இடத்தில் இருக்கிறேன்’ என்று அது நினைத்துக்கொண்டால், ஃபயர்வால் அந்தக் கதவுகளை மூடிவிடலாம். விண்டோஸ் சர்வர் 2025-ல் இயங்கும் டொமைன் கன்ட்ரோலர்களில் ரீஸ்டார்ட்டுக்குப் பின் இப்படித் தவறான ஃபயர்வால் அமைப்பு வந்துவிடுவதை 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டு, ஜூன் மாத அப்டேட்டில் சரிசெய்தது.

இரண்டாவது, அடையாளம். 2022 நவம்பர் 8 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட்டை டொமைன் கன்ட்ரோலர்களில் போட்ட பிறகு, சில நிறுவனங்களில் கெர்பரோஸ் சரிபார்ப்பு தோல்வியடையத் தொடங்கியது. கெர்பரோஸ் என்பது ஒரு கம்ப்யூட்டர் தான் யார் என்பதை இன்னொன்றுக்கு நிரூபிக்கும் டோக்கன் முறை. அவசரத் திருத்தம் நவம்பர் 17-ல்தான் வந்தது. அந்த டோக்கனை நம்பியே கெர்பரோஸ் முறை ரெப்ளிகேஷன் ஓடுகிறது. டோக்கன் செல்லவில்லை என்றால் எதிர்முனை கதவைத் திறக்காது. சான்றிதழ் முறையில் ஓடும் இடங்களில், சான்றிதழ் காலாவதியாவதும் இதே விளைவைத் தரும். இரண்டு சர்வர்களின் கடிகாரத்துக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் கெர்பரோஸ் மறுத்துவிடும்.

மூன்றாவது, இடம். ரெப்ளிகேஷன் நின்றிருக்கும்போது, அனுப்ப வேண்டிய மாற்றங்கள் அசல் சர்வரிலேயே ஒரு லாக் ஃபைலாகச் சேர்ந்துகொண்டே போகும். இதில்தான் பெரிய ஆபத்து. அந்த ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டால், ஹைப்பர்-வி அந்த விர்ச்சுவல் மெஷினையே நிறுத்தி வைத்துவிடும். காப்பி நின்றதை யாரும் கவனிக்காததால் அசலும் நிற்கும் நிலை.

நான்காவது, மொழி. புது சர்வர் வாங்கினால் பழசைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? “அதை ரெப்ளிகாவுக்கு வெச்சுக்கலாம்” என்பார்கள். விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஒரு பதிப்பு எண் உண்டு: 2012 ஆர்2-ல் 5.0, 2016-ல் 8.0, 2019-ல் 9.0. புது சர்வரில் அந்தப் பதிப்பை உயர்த்திவிட்டால், பழைய சர்வரில் அது ஓடாது. உயர்த்தியதைத் திரும்பக் குறைக்கவும் முடியாது. போதாக்குறைக்கு, 2012 ஆர்2-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-லேயே முடிந்துவிட்டது.

பொங்கல் வாரத்தில் வந்த அப்டேட்

சில நேரம் ரெப்ளிகேஷன் மட்டுமல்ல, ஹைப்பர்-வியே எழுந்திருக்காது. 2022 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை. பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு. அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திர அப்டேட்டுக்குப் பிறகு, சில 2012 ஆர்2 சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின்கள் தொடங்க மறுத்தன. சில டொமைன் கன்ட்ரோலர்கள் தாமாகவே மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆயின. அவசரத் திருத்தம் வந்தது ஜனவரி 17 அன்று. ‘பண்டிகை லீவுல ஆளில்லாத நேரமா அப்டேட் போட்டு முடிச்சிடலாம்’ என்று நினைப்பவர்களுக்கு இது பாடம். ஆளில்லாத நேரம் என்றால், சிக்கல் வந்தால் சரிசெய்யவும் ஆளில்லாத நேரம்தான்.

‘அப்படின்னா அப்டேட்டே வேண்டாம்’ என்று சொல்லவும் வழியில்லை. 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளை உலுக்கிய வான்னாக்ரை தாக்குதலை நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட், இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஐந்து காப்பி இருந்தும் தவித்த கிட்லேப்

காப்பி நின்றதை யாரும் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம், மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனம். 2017 ஜனவரி 31 இரவு. அதன் முதன்மை டேட்டாபேஸிலிருந்து இரண்டாவது சர்வருக்குப் போகும் ரெப்ளிகேஷன் பின்தங்கி நின்றுவிட்டது. அதை மறுபடி தொடங்க முயன்ற இன்ஜினீயர், இரண்டாவது சர்வரில் உள்ளதை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் உள்ளதை அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? தினசரி பேக்கப் வேலை செய்யவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்தது. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு நாளும் தோல்வி. தோல்வி என்று சொல்லும் மெயிலும் போயிருக்கிறது. ஆனால் அந்த மெயிலில் உரிய கையொப்பம் இல்லாததால், பெறும் பக்கம் அதை நிராகரித்துவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை.

வேறொரு சோதனைக்காக அதே இன்ஜினீயர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கடைசியில் காப்பாற்றியது. சேவை சுமார் 18 மணி நேரம் முடங்கியது. அந்த 6 மணி நேரத்தில் பதிவானவை போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் கிட்லேப் முழுசாக வெளியிட்டது. அதனால்தான் இன்றும் இதைப் படித்துப் பாடம் கற்க முடிகிறது.

நின்றுவிட்டது என்று தெரிந்தால், எங்கிருந்து தேடுவது?

பதற்றத்தில் பலர் செய்வது, ரெப்ளிகேஷனை நீக்கிவிட்டு முதலிலிருந்து போடுவது. எதிர்முனையில் இருக்கும் பழைய காப்பியையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். புதுக் காப்பி போய்ச் சேரும்வரை கையில் ஒன்றும் இருக்காது. அந்த அவசரம் வேண்டாம். வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபடும்.

1. முதலில் டிஸ்க். அசல் சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம்? லாக் ஃபைல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது? இடம் தீரும் நிலை என்றால் முதல் வேலை அதைக் கவனிப்பதுதான்.

2. ‘ரெப்ளிகேஷன் ஹெல்த்’ பக்கத்தைத் திறந்து, கடைசியாக எப்போது மாற்றங்கள் போய்ச் சேர்ந்தன, இன்னும் எவ்வளவு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தையும் அப்டேட் போட்ட நேரத்தையும் ஒப்பிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

3. இரண்டு சர்வர்களிலும் அப்டேட் முழுதாக முடிந்ததா? ‘ரீஸ்டார்ட் செய்க’ என்று ஒன்று காத்துக்கொண்டிருக்கிறதா? ஹைப்பர்-வி நிர்வாக சர்வீஸ் ஓடுகிறதா?

4. லைன். அசல் சர்வரிலிருந்து எதிர்முனையின் பெயருக்கும் போர்ட்டுக்கும் இணைப்பு கிடைக்கிறதா? இதைச் சோதிக்கவே பவர்ஷெல்லில் தனிக் கட்டளை உண்டு. கிடைக்கவில்லை என்றால் ஃபயர்வால் விதி, நெட்வொர்க் வகை, டிஎன்எஸ் என்று பாருங்கள்.

5. அடையாளம். கடிகாரம் சரியா, சான்றிதழ் தேதி முடிந்துவிட்டதா, டொமைன் கன்ட்ரோலர் ஒழுங்காகப் பதில் சொல்கிறதா? டொமைன் கன்ட்ரோலரே அதே சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாக ஓடினால் இன்னும் கவனம் தேவை. சர்வர் எழும்போது அது இன்னும் எழுந்திருக்காது.

6. ஈவன்ட் வியூவரில் ஹைப்பர்-வி விஎம்எம்எஸ் பகுதியைத் திறந்து, பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். எந்த மெஷின், என்ன காரணம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

காரணத்தைச் சரிசெய்த பிறகு ரெப்ளிகேஷனை ‘ரெஸ்யூம்’ செய்து பார்க்கலாம். இடைவெளி அதிகமாகியிருந்தால் ‘ரீசிங்க்’ கேட்கும். அதாவது, இரண்டு பக்கத்தையும் முழுக்க ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். இது டிஸ்க்கையும் லைனையும் நன்றாக உறிஞ்சும் வேலை. பில் போடும் பகல் நேரத்தில் தொடங்கினால் ஆபீஸ் முழுக்க ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று கத்தும். இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முதலிலிருந்துதான் போட வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. எதிர்முனையில் உள்ள பழைய காப்பியையே தொடக்கமாக வைத்து, வித்தியாசத்தை மட்டும் அனுப்பச் சொல்லலாம். அதுவும் இல்லையென்றால், முதல் காப்பியை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, காரில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ஹைவேயில் சில மணி நேரம். லைன் மெதுவாக இருக்கும் இடங்களில் இன்டர்நெட்டை விட இதுவே வேகம்.

அடுத்த முறை நிற்காமல் இருக்க...

காப்பி இருக்கும் சர்வருக்கு முதலில் அப்டேட் போட வேண்டும். அது எழுந்து, ரெப்ளிகேஷன் குறைந்தது ஒரு சுற்று ஒழுங்காக ஓடியதைப் பார்த்த பிறகே அசல் சர்வருக்கு. நடுவில் சில நாள் இடைவெளி விட்டால், அந்த மாத அப்டேட்டில் ஏதாவது கோளாறு இருந்தால் செய்தி வெளியே வந்துவிடும். 2012 ஆர்2-விலிருந்து 2019-க்கு என்பது போல பதிப்பையே மாற்றும்போதும் இதே வரிசைதான். பழையதிலிருந்து புதியதற்குக் காப்பி போகும். தலைகீழாகப் போனால்தான் சிக்கல். இரண்டு பக்கமும் மாறி முடியும்வரை விர்ச்சுவல் மெஷின்களின் பதிப்பு எண்ணைத் தொடக் கூடாது.

ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ‘டெஸ்ட் ஃபெயிலோவர்’ செய்து பார்ப்பது அடுத்தது. இது அசலைத் தொடாமல், காப்பியிலிருந்து ஒரு சோதனை மெஷினை எழுப்பிக் காட்டும். அந்த நேரத்திலும் ரெப்ளிகேஷன் நிற்காது. அந்த மெஷினுக்குள் நுழைந்து, நேற்று போட்ட கடைசி இன்வாய்ஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பச்சை விளக்கை விட அந்த ஒரு இன்வாய்ஸ் நம்பகமான சாட்சி.

ரெப்ளிகா இருந்தால் பேக்கப் வேண்டாமா?

வேண்டும். ரெப்ளிகேஷன் நல்லதையும் அனுப்பும், கெட்டதையும் அனுப்பும். ரான்சம்வேர் புகுந்து ஃபைல்களைப் பூட்டினால், சில நிமிடங்களில் பூட்டிய ஃபைல்களே எதிர்முனைக்கும் போய்ச் சேரும். ஹைப்பர்-வியில் பழைய நிலைகளைச் சேமித்து வைக்க முடியும் என்றாலும், அது மணிக்கணக்கில்தான். அதிகபட்சம் 24 நிலைகள். 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தபோது சர்வர்களோடு முதன்மை பேக்கப், இரண்டாம் பேக்கப் எல்லாமே பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பேக்கப் கட்டாயம் வேண்டும்.

காப்பி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அமைப்பின் 858 டெராபைட் தரவுக்கு வெளியில் காப்பியே இல்லை. அழிந்துபோனது. நம் ஊருக்குத் தீ வேண்டாம், பாலாறே போதும். ஆண்டுக்கணக்கில் மணலாகக் கிடக்கும் ஆற்றில் 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் பகுதிகளின் தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்தது. அசலும் காப்பியும் ஒரே காம்பவுண்டுக்குள், அதுவும் தரைத்தளத்தில் இருந்தால் அதற்குப் பெயர் காப்பியே அல்ல.

முதலாளி கேட்க வேண்டிய கேள்விகள்

டெக்னிக்கல் விஷயம் தெரியாத முதலாளியும் மேனேஜரும்கூட இந்த நான்கைக் கேட்கலாம்:

- காப்பி கடைசியாக எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது?
- கடைசி அப்டேட்டுக்குப் பிறகு காப்பியிலிருந்து மெஷினை எழுப்பிப் பார்த்தாயா? அதில் எந்தத் தேதி இன்வாய்ஸ் வரை இருந்தது?
- ரெப்ளிகேஷன் நின்றால் யாருக்குச் செய்தி வரும்? அந்தச் செய்தி வருகிறதா என்று சோதித்ததுண்டா?
- நீ லீவில் இருக்கும்போது சர்வர் விழுந்தால், வேறு யாருக்கு இதை எழுப்பத் தெரியும்?

மூன்றாவது கேள்வியைத்தான் கிட்லேப்பில் யாரும் கேட்காமல் விட்டார்கள். நான்காவது கேள்வி, சிறிய நிறுவனங்களில் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தாங்கும் அந்தத் தம்பிக்காகவும்தான். என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதி, சர்வர் அறைக் கதவில் ஒட்டி வைத்தால், அவர் நிம்மதியாக ஊருக்குப் போய்ப் பொங்கல் கொண்டாடலாம்.

“காப்பி இருக்குல்ல?” என்று கேட்டால் “இருக்கு சார்” என்றுதான் பதில் வரும். “நேத்து சாயங்காலம் போட்ட பில்லை அந்தக் காப்பியிலிருந்து எடுத்துக் காட்டு” என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் கேட்பதைவிட, இன்றைக்கே கேட்பது நல்லது.